தரிசு என்று நான் குறித்த காடு

1. மஞ்சள்

"யாரு இங்க மஞ்ச அடிச்சது?"

மெல்பர்னில் எங்கள் ஆபீஸ் மீட்டிங் ரூமின் திரையில் என் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து லுன்சா கேட்ட முதல் கேள்வி இது. அவர் மலாயில் கேட்டார். அறையில் மலாய் தெரிந்த ஒரே ஆள் நான். மஞ்சள் அடித்தவளும் நான்தான்.

என் வேலை ஜிஐஎஸ் அனலிஸ்ட். சாட்டிலைட் படத்தைப் பார்த்து நிலத்தை வகை பிரிப்பது. காடு, வயல், வீடு, ஆறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு நிறம். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, இந்த கன்சல்டன்சி ஸ்பான்சர் செய்த விசாவில் இருந்தேன்.

அந்த புராஜெக்ட் இதுதான். ஓர் ஆஸ்திரேலிய கம்பெனி, போர்னியோத் தீவில் மலேசியாவுக்குச் சொந்தமான சரவாக்கில், யாரும் பயன்படுத்தாத நிலத்தில் வேகமாக வளரும் மரங்களை நட்டு கார்பன் கிரெடிட், அதாவது மரங்கள் இழுக்கும் கரியமில வாயுவுக்கான சான்றிதழ், விற்க நினைத்தது. எது யாரும் பயன்படுத்தாத நிலம் என்று வரைந்து கொடுப்பது எங்கள் கான்ட்ராக்ட். அந்த கிளாஸுக்கு நான் வைத்த பெயர் 'பயன்பாடற்ற சீரழிந்த நிலம்'. நிறம், மஞ்சள்.

லுன்சா ஸ்பிரிங்வேலில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்ப்பவர். நாற்பதைத் தாண்டியவர். போர்னியோவின் பழங்குடியான டயாக் இனத்தில் ஈபான் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய நீள்வீடு, அதாவது இருபத்திரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் வீடு, எங்கள் வரைபடத்துக்கு நடுவில் இருந்தது. ஊர்க்காரர்களுக்கு வரைபடத்தைக் காட்டியதற்குச் சான்று வேண்டும் என்பது விதி. ஊர்ப் பெண் ஒருத்தி மெல்பர்னிலேயே இருப்பது தெரிந்ததும் அந்த கிளையண்ட் கம்பெனியின் மேனேஜர் கிரெய்க்குக்கு ஒரே சந்தோஷம். விமானம் ஏற வேண்டியதில்லை. ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. என்னை உட்கார வைத்தார்கள்.

"வரைபடத்தைப் பார்த்துவிட்டார் என்று கையெழுத்து வாங்கினால் போதும்" என்றார் கிரெய்க்.

நான் மொழிபெயர்த்தேன். லுன்சா காகிதத்தைத் தொடவில்லை.

"இது எங்க பழைய வீடு இருந்த இடம். இது மூணு வருஷம் முன்னாடி நெல்லு போட்ட இடம், இப்ப ஓய்வு எடுக்குது. இது எங்க செத்தவங்க இருக்கிற இடம். எல்லாத்தையும் ஒரே மஞ்சளா அடிச்சா எப்பிடி? யாரு அடிச்சா, கேட்டுச் சொல்லு."

"நான்தான் காக்" என்றேன். காக் என்றால் மலாயில் அக்கா.

என் பக்கம் திரும்பினார். "நீ அங்க போயிருக்கியா?"

"இல்ல."

"சரி. அப்ப திருத்து."

லுன்சா என்ன சொல்கிறார் என்று கிரெய்க் கேட்டார். "கையெழுத்துப் போட மாட்டாராம்" என்றேன். மீதியை அன்று மொழிபெயர்க்கவில்லை. அது என் முதல் தவறு. இரண்டாவதைப் பின்னால் சொல்கிறேன்.

2. மேனேஜர் சொன்னது

எங்கள் டீமின் மேனேஜர் சிவா அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இந்தத் தொழிலில் அவருக்குத் தெரியாதது குறைவு. லுன்சா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"உதுக்குள்ள ஏன் பிள்ளை தலையைக் குடுக்கிறீர்?" என்றார். "கிளாசிபிகேஷன் சரியோ பிழையோ? அதை மட்டும் சொல்லும்."

"பிழை அண்ணா."

"அக்குரசி நல்லா வந்திருக்கு எண்டு போன கிழமை நீர்தானே சொன்னனீர்."

"பிக்ஸல் சரியா இருக்கு. பேர் பிழை. மூணு வருஷப் புதரைப் புதர்னு கம்ப்யூட்டர் சரியாக் கண்டுபிடிச்சிருக்கு. அதை யாரும் பயன்படுத்தலைன்னு சொன்னது கம்ப்யூட்டர் இல்ல, நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"ரெண்டு கிழமையில, வெள்ளிக்கிழமை, மேப் போகவேணும். அதுக்குள்ள உம்மால திருத்த ஏலுமெண்டால் திருத்தும். ஆபீஸ் நேரத்தில வேண்டாம். உம்மட பிஆர் அப்ளிகேஷனுக்கு நான்தான் கடிதம் குடுக்கவேணும், அதையும் மறக்காதையும்."

பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, அந்தக் கடிதம் இல்லாமல் கிடைக்காது. மிரட்டலா நினைவூட்டலா என்று தெரியவில்லை. சரி என்றேன்.

3. ஸ்பிரிங்வேல், ஞாயிற்றுக்கிழமை

லுன்சாவுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, அதுவும் காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகு. ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் ஒரு நூடுல்ஸ் கடையின் பின் மேசையில் லேப்டாப்பை விரித்தோம். அவருடைய தம்பி ஜோசப் சரவாக்கிலிருந்து போனில் வந்தார். அங்கே மலையேறினால்தான் சிக்னல் கிடைக்கும். அவர் ஏறி நின்றிருந்தார்.

மலேசியாவில் வளர்ந்த எனக்கு டயாக் மக்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியும், சுற்றுலா போஸ்டரில் இறகுத் தொப்பி போட்ட ஓர் ஆணும்தான். அன்று மூன்று மணி நேரத்தில் நான் எழுதிக்கொண்ட குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

ஒன்று. மலைச்சரிவில் ஒரு வருடம் நெல் போடுவார்கள். பிறகு அந்த நிலத்தைப் பத்து வருடம்போல விட்டுவிடுவார்கள். மண் தேறியதும் திரும்பி வருவார்கள். எந்தத் துண்டு எந்தக் குடும்பத்துடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு நெல் உண்டு. வயலின் நடுவில் அதற்குத்தான் முதல் இடம். அதை விற்கக் கூடாது, தொலைக்கவும் கூடாது. தொலைத்தால் அந்தக் குடும்பமே தொலைந்த மாதிரி.

மூன்று. புதிதாக நிலம் வெட்டுவதற்கு முன் சில பறவைகளின் குரலுக்குக் காத்திருப்பார்கள். தப்பான பறவை தப்பான பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அன்று வேலை இல்லை. ஜோசப் இப்போது பறவையையும் கேட்கிறாராம், போனில் மழை அறிக்கையையும் பார்க்கிறாராம். "ரெண்டுமே சில சமயம் பொய் சொல்லும்" என்றார்.

நான்கு. நீள்வீடு இடம் மாறினால் பழைய இடத்தில் நட்ட பழ மரங்கள் அங்கேயே நிற்கும். நட்டவரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் பங்கு. டுரியான் பழத்தைப் பறிக்க மாட்டார்கள். மரத்தடியில் குடிசை போட்டுக் காத்திருந்து, விழுவதை எடுப்பார்கள்.

ஐந்து. மரங்களுக்குப் பெயர் உண்டு.

இந்த ஐந்தாவதை நான் மூன்று முறை கேட்டு உறுதி செய்தேன். மரத்தின் வகையைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் பெயர். ஜோசப் முன்பே மரம் மரமாக நடந்துபோய் எடுத்து வைத்திருந்த ஜிபிஎஸ் புள்ளிகளை மலைமேலிருந்து அனுப்ப, லுன்சா பெயரைச் சொல்ல, நான் டேபிளில் பெயருக்கென்று புதிதாக ஒரு நெடுவரிசை திறந்து தட்டச்சு செய்தேன். ஒரு மரத்தின் பெயர் 'மழையில் வந்தவன்'. இன்னொன்று 'பிஷப்', ஏனென்றால் ஒரு பிஷப் அதனடியில் உட்கார்ந்து அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு அன்று பூசை வைக்க முடியாமல் போனாராம். இன்னொன்று 'இரண்டாம் மாமியார்'.

"அது ஏன் காக்?"

"பழம் நல்லாருக்கும். ஆனா எப்ப தலையில விழும்னு தெரியாது."

கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அவரும் டீயை மறுபடி நிரப்பினார்.

கிளம்பும்போது கேட்டேன், "கம்பெனி ரோடு போட்டுத் தர்றேன்னு சொல்லுதே. உங்களுக்கு ரோடு வேணாமா?"

"வேணும் லா. ரோடு வேணும், கிளினிக் வேணும், நெட் வேணும். என் தம்பி பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தப்ப படகுல நாலு மணி நேரம். எங்களை அப்பிடியே மியூசியம் மாதிரி வச்சிருங்கன்னு யாரு கேட்டா? ஆனா ரோட்டுக்கு விலை எங்க நிலம்னு யாரு சொன்னது? கோலாலம்பூர்ல உங்க வீட்டு முன்னால ரோடு போட்டாங்களே, வீட்டை எழுதி வாங்கிட்டா போட்டாங்க?"

அதையும் எழுதிக்கொண்டேன்.

4. ஜோசப் உள்ளே போகவில்லை

அடுத்த சில நாட்கள் வேலைக்கு முன்பும் பின்பும் இதே வேலை. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு நிறங்களாக மாறியது. ஓய்வு நிலம், பழத்தோப்பு, இடுகாடு. கடைசியில் ஒரு குன்று மிஞ்சியது. அடர்ந்த காடு, ஆனால் நடுவில் பெரிய மரங்கள் இல்லை. சாட்டிலைட் படத்தில் பார்த்தால் யாரோ வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட மாதிரி.

"அங்க ஒரு பத்துப் புள்ளி எடுக்கச் சொல்லுங்க காக்."

லுன்சா போனில் சொன்னார். பிறகு நீளமாக ஏதோ ஈபான் மொழியில் பேசினார்கள்.

"போக மாட்டானாம்."

"ஏன்?"

"அது மாலி. விலக்கு. ரொம்ப நாளுக்கு முந்தி அங்க வெட்டுறப்ப மரம் ஒரு ஆள் மேல சாஞ்சு, அவரு செத்துப்போனாரு. அன்னிக்கே கத்தியைக் கீழ போட்டுட்டு எல்லாரும் இறங்கி வந்துட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் உள்ள போறதில்ல."

"ஜோசப் சர்ச்சுல ஜெபம் நடத்துறவர்தானே?"

"ஆமா. அதுக்காக? ஏசுவை நம்புறவன் போய் அந்த இடத்தை மிதிக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

என் பிரச்சினை வேறு. உள்ளே ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரு பாலிகன், அதாவது எல்லை கட்டிய பரப்பு, வரைந்தால் அதை நிரூபிக்க முடியாது. கிரவுண்ட் ட்ரூத், அதாவது நேரில் போய் எடுத்த சான்று, எங்கே என்று முதல் கேள்வியே வரும். அதை லுன்சாவிடம் விளக்கினேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் விளக்கினேன்.

"உள்ள போகாம எங்க ஆளுங்களுக்கு எல்லை தெரியாதுன்னா நினைக்கிற? சுத்தி நட. அதான் எல்லை."

ஜோசப் குன்றைச் சுற்றி நடந்தார். இரண்டு நாள் பிடித்தது. அவருடைய நடை ஜிபிஎஸ் கோடாக வந்து சேர்ந்தது. எங்கேயும் உள்ளே வளையாத கோடு. நான் எத்தனையோ எல்லைக் கோடுகள் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கவனமான ஒன்றைப் பார்த்ததில்லை. புதருக்கு வழி விட்டுக்கூட உள்பக்கம் ஒதுங்கவில்லை. வெளிப்பக்கமே சுற்றிப் போயிருந்தார்.

5. நான் எழுத இருந்த பொய்

இரண்டாவது வாரம் புதன்கிழமை சிவா அண்ணாவுக்கு வரைபடத்தைக் காட்டினேன். ஒவ்வொரு லேயராகப் பார்த்தார். குன்றுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"உது என்ன?"

சொன்னேன்.

"பிள்ளை, மற்றதெல்லாம் விடுவன். தோட்டம், இடுகாடு எல்லாம் அவையளுக்கு விளங்கும். உந்தப் பேய்க்கதையை லெஜெண்டில, நிற விளக்கத்தில போட்டால் முழு மேப்பையும் சிரிச்சுத் தள்ளிப்போடுவாங்கள். தண்ணீர்ப்பிடிப்பு எண்டு போடும். குன்றுதானே. எந்தக் குன்றிலயும் தண்ணீர் வரும். ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

இது புத்திசாலித்தனமாகத் தோன்றியது. நிலம் தப்பும், வரைபடம் தப்பும். மாற்றினேன். இதுதான் நான் முதலில் சொன்ன இரண்டாவது தவறு. அன்று மாலை லுன்சாவின் ஷிப்ட் முடிந்ததும் முதியோர் இல்லத்து வாசலில் வரைபடத்தைக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க நன்றாகவே வரும்.

"எங்க தண்ணி இங்கிருந்து வரலையே. ஆத்துக்கு அந்தப் பக்கத்து மலையில இருந்து குழாய் போட்டிருக்கோம்."

"தெரியும் காக். இப்பிடிப் போட்டா அவங்க ஒத்துக்குவாங்க."

"பொய்யை ஒத்துக்குவாங்க, உண்மையை ஒத்துக்க மாட்டாங்களா?"

"அவங்களுக்கு அது மூடநம்பிக்கை மாதிரி தெரியும்."

"உனக்கு?"

யோசித்துச் சொன்னேன். "எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா நீங்க நம்புறீங்கன்னு தெரியும். ஜோசப் நடந்த கோட்டைப் பார்த்தேன்."

"அப்ப அதை எழுது. நீ நம்ப வேணாம். நாளைக்கு ஒரு ஆள் வந்து தண்ணி இல்லைன்னு காட்டினா, இவங்க சொன்ன எல்லாமே பொய்னு எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க. பழ மரம், செத்தவங்க, எல்லாம். நாங்க பொய் சொல்லி நிலத்தைக் காப்பாத்தினோம்னு என் பேர்ல எழுதாத."

அங்கேயே நின்று லேப்டாப்பைத் திறந்து பெயரை மாற்றினேன். 'மாலி: சமூகம் விலக்கி வைத்த நிலம். நுழைவு இல்லை.' அவர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன். என் முதல் வகைப்பாட்டில் என்ன பிழை, ஏன் பிழை, எந்தக் கிளாஸை எந்த ஆதாரத்தில் மாற்றினேன், பழைய வரைபடத்துக்கு ஏன் என்னால் தரச் சான்று கொடுக்க முடியாது. அதை புராஜெக்ட் கோப்பில் முறைப்படி பதிவு செய்தேன். சிவா அண்ணாவுக்கு ஒரு நகல்.

அவர் பதில் அனுப்பவில்லை.

6. வெள்ளிக்கிழமை

லுன்சா ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆங்கிலத்திலேயே பேசுவதாக. "போன தடவை வேணும்னுதான் மலாய்ல பேசினேன்" என்று என் காதில் சொன்னார். "அவங்க யாரை உட்கார வைக்கிறாங்கன்னு பார்க்க."

கிரெய்க் வழக்கம்போல ஆஸ்திரேலிய மண்ணின் மூத்தகுடிகளுக்கு மரியாதை செலுத்தும் வாசகத்தை வாசித்து மீட்டிங்கைத் தொடங்கினார். நன்றாக வாசித்தார். பிறகு திரையைப் பார்த்தார். மஞ்சள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது.

தோப்புகளுக்கு அவர் அதிகம் வாதாடவில்லை. இடுகாட்டுக்கும் இல்லை. குன்றில் வந்து நின்றார்.

"இது என்ன பயன்பாடு?"

"யாரும் நுழைவதில்லை" என்றேன்.

"அப்படியென்றால் பயன்பாடு இல்லை."

"நுழையாமல் வைத்திருக்கிறார்கள்."

"நீர்ப்பிடிப்பா? எங்கள் ட்ரோன் சர்வேயைப் பார்த்தேன். தண்ணீர் மறுபக்கம்தான் வடிகிறது."

சிவா அண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லை. நீர்ப்பிடிப்பு இல்லை. எழுதியிருப்பதுதான்."

"மன்னிக்க வேண்டும், ஒரு நம்பிக்கையை லெஜெண்டில் போட முடியாது. எதுவும் நடக்காத நிலம் சும்மா கிடக்கும் நிலம்தான்."

லுன்சா அப்போதுதான் வாய் திறந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கிரெய்க், நான் வேலை செய்யற இடத்துக்குக் கொஞ்ச தூரத்துல பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கு. அவ்வளவு நிலம். நல்ல புல். இந்த வருஷம் அதுல என்ன பயிர் போட்டிருக்கீங்க?"

கிரெய்க் தன் தாள்களைப் புரட்டினார்.

"ஒண்ணுமில்லையா? அப்ப சும்மாதானே கிடக்கு. நாளைக்கு எங்க ஊர்ல இருந்து ஆளுங்களை வரச் சொல்றேன். மரம் நட்டுக் கொடுப்பாங்க. வேகமா வளர்ற மரம்."

கிரெய்க்கின் முகம் சிவந்தது. அவர் லுன்சாவை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். பழைய வரைபடத்துக்குத் தரச் சான்றில் கையெழுத்துப் போடு, புதியதை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்.

"போட மாட்டேன்."

"காரணம்?"

"நேற்று கோப்பில் எழுதியிருக்கிறேன். பழைய வரைபடம் பிழை. அதை வரைந்தது நான். பிழை என்று தெரிந்த பிறகு சரி என்று கையெழுத்துப் போட மாட்டேன்."

விசா, பிஆர் கடிதம் எல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக மனதில் ஓடின. ஓடட்டும் என்று விட்டேன்.

கிரெய்க் சிவா அண்ணாவைப் பார்த்தார். "நீங்கள் சீனியர். நீங்கள் போடலாம்."

சிவா அண்ணாவின் ஊர் வீடு பல வருடங்கள் ராணுவ வேலிக்குள் கிடந்தது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிழை என்று கோப்பில் இருக்கிறது. அதன்மேல் நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்குக் கேள்வி வரும்போது பொறுப்பு என்னுடையது. முடியாது" என்றார் ஆங்கிலத்தில். அவ்வளவுதான். வீரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அறையில் எனக்கு அது போதும்.

கையெழுத்து இல்லாமல் பழையதை அனுப்ப முடியாது, அதனால் புதிய வரைபடம்தான் போனது. ஒரு மாதம் கழித்து அந்த நீள்வீட்டைச் சுற்றியிருந்த நிலம் முழுவதையும் கம்பெனி தன் விண்ணப்பத்திலிருந்து நீக்கியது. எங்களுக்கு அவர்களிடமிருந்து வேறு வேலை வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே சிவா அண்ணா என் மேசைக்கு வந்தார்.

"மரங்களின்ர பேர் போட்ட லேயர் எங்க? சேர்வரில காணேல்ல."

"அது நம்ம டேட்டா இல்ல அண்ணா. என் சொந்த லேப்டாப்ல செஞ்சது. பென்டிரைவ்ல போட்டு லுன்சா கையில குடுத்துட்டு, அழிச்சிட்டேன். எந்த மரம் எங்க நிக்குதுன்னு கம்பெனிக்குத் தெரிய வேணாம்."

"கான்ட்ராக்ட் வாசிச்சனீரோ?"

"வாசிச்சேன். ஞாயிற்றுக்கிழமை செஞ்ச வேலை அதுல வராது. நீங்கதானே ஆபீஸ் நேரத்துல செய்ய வேணாம்னு சொன்னீங்க."

"நீர் லேசுப்பட்ட ஆளில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் என்னோடு வேலை தவிர வேறு கதைக்கவில்லை. பிஆர் கடிதம் மட்டும் கொடுத்தார்.

7. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பெரிய அறிவுரை எதுவும் இல்லை. நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

கிளாஸுக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயரை அந்த நிலத்தில் நிற்கும் ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்ட முடியுமா என்று பார்க்கிறேன். கூச்சமாக இருந்தால் பெயர் பிழை.

சந்தேகத்தை அன்றே கோப்பில் எழுதுகிறேன். வாயால் சொன்னதை மீட்டிங் விழுங்கிவிடும். எழுத்தில் இருப்பதைத் தாண்டிக் கையெழுத்துப் போட யாருக்கும் தைரியம் வராது. அது அவர்கள் நல்லவர்களா என்பதைப் பொறுத்தது இல்லை.

ஒருவருடைய உண்மைக்குப் பதிலாக எனக்கு வசதியான வேறொன்றை எழுதுவதில்லை. அவர்களுக்கு உதவுவதற்காகக்கூட.

போன மாதம், நான் இப்போது வேலை பார்க்கும் புது ஆபீஸில் இன்னொரு கிளையண்ட் வந்தார். வேறு தீவு, வேறு மக்கள், அதே கேள்வி. பயன்படாத நிலத்தைக் காட்டித் தர முடியுமா என்றார். அப்படி ஒரு கிளாஸ் என்னிடம் இல்லை என்றேன். எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்றார்.

வைத்திருக்கட்டும். என் பெயர் போட்டு வெளியே போகும் வரைபடத்தில் அது இருக்காது. வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.